எழுபது வயசுக்கு மேல எதுக்கு டூர்? பழைய ராக் ஆளுங்க வரும்படி பத்தி

அக்டோபர் 3, வாசகர் கேள்வி

அண்ணா, ஒரு சந்தேகம். ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்ட் 2024ல டூர் போனப்ப அவங்க பாடகர் மிக் ஜாகருக்கு 80 வயசு. இவங்ககிட்ட இல்லாத காசா? ஒரு பாட்டு ஹிட் ஆச்சுன்னா ஆயுசுக்கும் ராயல்டி, அதாவது பாட்டு ஓடறப்ப எல்லாம் ஒரு பங்கு காசு, வரும்னு சொல்றாங்க, அப்புறம் எதுக்கு முட்டி வலியோட ஊர் ஊரா அலையணும்? எனக்கு இது பேராசையா தான் தெரியுது. நடுவுல பேண்ட் இல்லாம தனியா போடற சோலோ ஆல்பம் வேற, அதை யாரு வாங்கறா?

அக்டோபர் 3, ராத்திரி

தம்பி, ராயல்டி ஆயுசுக்கும் வரும், சரி. யாருக்கு வரும்னு கேளுங்க. பழைய ரெக்கார்டு ஏதாவது கையில இருந்தா லேபிளைப் பாருங்க, பாட்டு பேருக்குப் பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள பொடி எழுத்துல ஒண்ணு ரெண்டு பேர் இருக்கும். பாட்டு எழுதினவங்க அவங்க. ரேடியோல ஓடினாலும், சினிமால போட்டாலும், வேற யாராவது மேடையில பாடினாலும் எழுத்துக் காசு போறது அந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்கறவங்களுக்கு. டிரம்ஸ் வாசிச்சவர், பேஸ் வாசிச்சவர், பாட்டையே தூக்கி நிறுத்தின அந்த கிட்டார் சோலோவை ஸ்டுடியோல நின்ன இடத்துலயே யோசிச்சு வாசிச்சவர், இவங்க பேர் அதுல இல்லன்னா அந்தக் காசு இல்ல. ரெக்கார்டு வித்ததுல ஒரு பங்கு உண்டு, அதுவும் கம்பெனி குடுத்த அட்வான்ஸ், ஸ்டுடியோ செலவு எல்லாம் கழிஞ்ச பிறகு. அமெரிக்கால இன்னும் கொடுமை, சாதாரண எஃப்எம் ரேடியோ பாட்டு எழுதினவருக்கு மட்டும் தான் குடுக்கும், பாடினவருக்கும் வாசிச்சவருக்கும் ஒரு சென்ட் கிடையாது.

அதனால ஒரே பேண்ட்ல ஒருத்தர் எஸ்டேட் வாங்கியிருப்பார், இன்னொருத்தர் வீட்டுக் கடன் கட்டிட்டு இருப்பார். ஃபோட்டோல ரெண்டு பேரும் தோள் மேல கை போட்டு நிப்பாங்க, பாக்கற நமக்கு எல்லாரும் ஒரே மாதிரி பணக்காரங்கன்னு தோணும்.

லீவான் ஹெல்ம் கதை தெரியுமா? 'தி பேண்ட்'ங்கற பேர்லயே இருந்த குழு, அதுல டிரம்ஸ் வாசிச்சுக்கிட்டே பாடுவார், அந்தக் குரலுக்காகவே கேக்கற ஆளு நான். ஆனா பாட்டுகள்ல பெரும்பாலானது ராபி ராபர்ட்சன் பேர்ல. எல்லாரும் சேந்து உருவாக்கினது, காசு மட்டும் ஒருத்தருக்குப் போச்சுன்னு ஹெல்ம் சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தார், ராபர்ட்சன் அதை ஒத்துக்கல. யார் சொன்னது சரின்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஆனா 1983ல மத்தவங்க ராபர்ட்சன் இல்லாம திரும்பச் சேந்து சின்னச் சின்ன கிளப்புகள்ல வாசிக்கக் கிளம்பினாங்க, ராபர்ட்சன் கிளம்பல. யாருக்குத் தேவை இருந்துச்சுன்னு அதுலயே தெரியுது இல்ல?

அக்டோபர் 4

ஸ்டோன்ஸை வெச்சு மத்தவங்களை எடை போடாதீங்கன்னு நேத்தே சொல்லியிருக்கணும். அந்த 2024 டூர் வசூல் 235 மில்லியன் டாலர், சுமார் 20 ஷோல. ஸ்பான்சர் யாரு தெரியுமா, ஏஏஆர்பி, அமெரிக்கால அம்பது வயசுக்கு மேற்பட்டவங்களுக்கான சங்கம். டிக்கெட் வாங்கறவங்க வயசு என்னன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

பெரிய டூர் காசு இப்படி வர ஆரம்பிச்சது 1989ல. மைக்கேல் கோல்னு ஒரு கனடாக்காரர் ஸ்டோன்ஸோட மொத்த டூரையும் குத்தகைக்கு எடுத்த மாதிரி எடுத்தார். ஒவ்வொரு ஊர்லயும் கச்சேரி ஏற்பாடு பண்ற ஒரு புரமோட்டர்கிட்ட பேரம் பேசற பழைய வழக்கத்தை விட்டுட்டு டிக்கெட், டி-சர்ட், ஸ்பான்சர், டிவி எல்லாத்துக்கும் சேத்து ஒரே தொகை. இன்னிக்கு லைவ் நேஷன்ங்கற பெரிய கச்சேரி கம்பெனி பண்றதோட அஸ்திவாரம் அது தான்.

ஆனா அதே ஸ்டோன்ஸ்லயே பாருங்க, ரானி வுட் 1975ல சேந்தார். 1990-கள் ஆரம்பம் வரைக்கும் அவர் சம்பளக்காரர். உலகமே ஸ்டோன்ஸ் கிட்டாரிஸ்ட்டுன்னு கொண்டாடின ஆளு, கம்பெனில பங்கு இல்லாம, வாரச் சம்பளம் வாங்கற மாதிரி. நடுவுல சோலோ ஆல்பம் போட்டார், ஓவியம் வரைஞ்சு வித்தார். நீங்க கேட்டீங்களே சோலோ எதுக்குன்னு, இப்படியும் ஒரு காரணம் உண்டு.

அக்டோபர் 5

நேத்து ஒருத்தர் "235 மில்லியன்ல பாதியாவது கையில நிக்கும்ல"ன்னு கேட்டிருக்கார். பெரிய பேண்டுக்கு நல்லாவே நிக்கும். மத்தவங்களுக்கு எப்படிப் போகுதுன்னு சொல்றேன், இதை நான் பக்கத்துல இருந்து பாத்தவன். ஒரு பழைய தியேட்டர்ல, ஆயிரம் சீட்டுக்குக் கீழ, வாரக் கடைசில லோடு-இன், அதாவது பேண்ட் சாமான் இறக்கற வேலைக்கும் டி-சர்ட் விக்கற டேபிளுக்கும் போவேன். அங்க வர்றவங்க முக்காவாசிப் பேர் எழுபதுகள்லயும் எண்பதுகள்லயும் ஹிட் குடுத்தவங்க தான்.

கேரண்டின்னு ஒரு தொகை பேசுவாங்க, கூட்டம் வந்தாலும் வராட்டியும் அது நிச்சயம். அதுக்கு மேல, தியேட்டர் வாடகை, விளம்பரம், ஆளு கூலி எல்லாம் கழிச்சு மிச்சம் இருந்தா 85 பங்கு பேண்டுக்கு, 15 பங்கு புரமோட்டருக்குன்னு ஒரு வழக்கம். ரொம்பப் பெரிய பேர்னா 90-10. கேக்க ஜோரா இருக்கும். ஆனா பேண்டுக்கு வந்ததுல ஏஜென்ட் 10 சதவீதம், மேனேஜர் 15லேந்து 20, கணக்குப் பாக்கற பிசினஸ் மேனேஜர் 5. இதுங்கள்ல பல தடவை செலவு கழிக்கறதுக்கு முன்னாடியே, மொத்தத் தொகை மேல. அப்புறம் பஸ் வாடகை, டிரைவர், டீசல், சவுண்ட் ஆளு, கிட்டாரைப் பாத்துக்கற டெக், ரூம், சாப்பாடு, கூட வாசிக்க வந்த இளசுகளுக்குச் சம்பளம். பஸ் சும்மா நிக்கற நாளுக்கும் வாடகை ஓடும், அதனால லீவு நாள்னாலே மேனேஜர்களுக்கு வயித்தைக் கலக்கும். வயசான பாடகருக்குத் தொண்டை ஆற நாள் வேணும், பஸ்ஸுக்கு ஓடிட்டே இருக்கணும், இந்தச் சண்டையை நான் லோடிங் டாக் கதவுகிட்ட நின்னு காதால கேட்டிருக்கேன்.

டி-சர்ட் டேபிள் தான் என் இடம். மதியம் அட்டைப் பெட்டிகளைப் பிரிச்சு சைஸ் வாரியா எண்ணி, தியேட்டர் ஆளும் நானும் ஒரே தாள்ல கையெழுத்துப் போடுவோம். ராத்திரி மிச்சத்தை எண்ணி, கழிச்சு, வித்ததுல தியேட்டர் பங்கு எடுத்துக்கும். சட்டைக்கு 20லேந்து 25 சதவீதம் வரைக்கும் போகும், சிடி ரெக்கார்டுக்கு கம்மி. 40 டாலர் சட்டைல 10 தியேட்டருக்கு, அச்சடிச்சு கொண்டு வந்த செலவு போக மிச்சம் தான் அவங்களுக்கு. எக்ஸ்ட்ரா லார்ஜும் டபுள் எக்ஸ்எல்லும் தான் முதல்ல தீரும், ஸ்மால் சைஸ் டூர் முடியற வரைக்கும் பெட்டிக்குள்ளயே ஊர் சுத்தும்.

ஒரு தடவை எண்பதுகள்ல டிவில ஓயாம வந்த ஒரு பேண்டோட கிட்டாரிஸ்ட், பேர் வேண்டாம், ஷோ முடிஞ்சு வேர்வை கூடக் காயாம நேரா என் டேபிளுக்கு வந்து உக்காந்தார். இடது மணிக்கட்டுல பட்டை, கட்டை விரல் முட்டி வீங்கியிருந்துது. ரெண்டு மணி நேரம் தந்திய அழுத்தின விரல்ல மார்க்கர் பேனாவைப் பிடிக்க முடியாம நடு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல சொருகிக்கிட்டு கையெழுத்துப் போட்டார். வரிசைல கடைசி ஆளு வரைக்கும் பேர் கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதினார். அவர் உக்காந்ததும் சிடி விக்கற வேகமே மாறிடுச்சு. அப்புறம் என்கிட்ட சொன்னார், கேரண்டி எல்லாம் பஸ்ஸுக்கும் கூட வாசிக்கற பசங்களுக்கும் போயிடும், வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது இந்த டேபிள்ல வர்றது தான்னு. ஹிட் பாட்டு எழுதினது பாடகர், இவர் இல்ல.

இவரைப் பேராசைக்காரர்னு சொல்ல எனக்கு வாய் வராது தம்பி.

அக்டோபர் 5, கொஞ்சம் கழிச்சு

மேல எழுதினதோட ஒண்ணு சேத்துக்கறேன். டி-சர்ட்ல தியேட்டர் பங்கு எடுக்கறதைப் பத்தி ரொம்ப வருஷமா சண்டை நடக்குது. 2023ல லைவ் நேஷன் தன்னோட சின்ன கிளப்புகள்ல இந்தப் பங்கை எடுக்க மாட்டோம்னு அறிவிச்சுது. பெரிய அரங்கங்களுக்கு அது பொருந்தல.

அக்டோபர் 6

சோலோ பத்தி. பேண்ட் பேர் பெருசா, பாட்டு பெருசா, ஆள் பெருசா? இதுக்கு ரோஜர் வாட்டர்ஸ் மாதிரி ஒரு உதாரணம் கிடைக்காது.

பிங்க் ஃபிளாய்டுங்கற பேண்டுக்கு வரிகள் பெரும்பாலும் எழுதினது அவர். 1985ல விலகினார், தான் இல்லாம பேண்டே இல்லன்னு நினைச்சு வழக்கு வரைக்கும் போனார். பேண்ட்ல மிச்சம் இருந்த கில்மரும் மேசனும் பேரை வெச்சுக்கிட்டாங்க. 1987ல ஒரே நேரத்துல ரெண்டு டூரும் வட அமெரிக்கால ஓடுச்சு. பேர் வெச்சிருந்தவங்களுக்கு ஸ்டேடியம் ஸ்டேடியமா கூட்டம், பாட்டு எழுதினவருக்கு அதை விடச் சின்ன அரங்கத்துலயே காலி சீட்டு. அந்த வருஷம் மட்டும் பாத்தா பேர் தான் எல்லாம்னு முடிவு பண்ணிடுவோம்.

ஆனா 2010லேந்து 2013 வரைக்கும் அதே வாட்டர்ஸ், சொந்தப் பேர்ல, பிங்க் ஃபிளாய்டோட 'தி வால்' ஆல்பம் முழுசையும் மேடைல சுவர் கட்டி உடைச்சுக் காட்டினார். 219 ஷோ, 459 மில்லியன் டாலர் கிட்ட. வழக்கு முடிஞ்சப்ப பேரை விட்டுக் குடுத்தாலும் 'தி வால்' மேடைக்கான உரிமையை அவர் விடல. 1987ல யாருக்கும் அது பெருசாத் தெரிஞ்சிருக்காது.

பேருக்கு அடிச்சுக்கறது ஏன்னு இப்பப் புரியுதா? 2017ல 'யெஸ்' பேண்டே ரெண்டா ஓடுச்சு, ஸ்டீவ் ஹவ் இருந்த 'யெஸ்' ஒண்ணு, ஜான் ஆண்டர்சன், டிரெவர் ராபின், ரிக் வேக்மேன் மூணு பேர் பேரையும் ஒட்ட வெச்ச 'யெஸ்' இன்னொண்ணு. போஸ்டரைப் பாத்தா எது எதுன்னு ரசிகனுக்கே குழப்பம். புரமோட்டருக்கு 'யெஸ்'ங்கற அந்த மூணெழுத்து இங்கிலீஷ் பேர் வேணும், அது இல்லன்னா கேரண்டி கணிசமாக் குறையும்.

அக்டோபர் 8

"அப்ப ஸ்டேடியம் நிரப்ப முடியாதவங்க சோலோ போனா நஷ்டம் தான"ன்னு கேட்டிருக்கீங்க. நேர் எதிர். செலவைக் குறைக்கத் தெரிஞ்சவங்களுக்கு சோலோ தான் சோறு போடுது.

காலின் ஹே, 'மென் அட் வொர்க்' பாடகர். எண்பதுகள் ஆரம்பத்துல உலகம் பூரா ஹிட், அஞ்சாறு வருஷத்துல பேண்ட் கலைஞ்சுது, ரெக்கார்டு கம்பெனியும் கை விட்டுது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து ஒரே ஒரு கிட்டாரோட சின்ன கிளப்ல உக்காந்து பாட ஆரம்பிச்சார். பாட்டுக்கு நடுவுல கதை சொல்வார், ஆளுங்க சிரிப்பாங்க, அப்புறம் அந்தப் பழைய ஹிட்டை மெதுவா, வேற மாதிரி பாடுவார். பஸ் வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம், டிரக் வேண்டாம். இருநூறு பேர் வந்தா கூட வீட்டுக்கு எடுத்துட்டுப் போக காசு நிக்கும். இப்படியே பல வருஷமா நல்லா ஓடுது. எழுத்துக் காசு அவருக்கு உண்டு, அதுவும் பின்னாடி துணையா இருக்குங்கறதையும் மறக்கக் கூடாது.

பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் 1989ல கண்டுபிடிச்ச வழி இன்னொண்ணு. ஆல்-ஸ்டார் பேண்ட். ஆளாளுக்கு ஒரு பழைய பேண்ட்லேந்து வருவாங்க, ரிங்கோ கொஞ்சம் பாட்டு, மத்தவங்க ஒவ்வொருத்தரும் தங்களோட ஹிட் ரெண்டு மூணு, மத்த நேரம் அடுத்தவங்களுக்குப் பின்னாடி வாசிப்பாங்க. தனியா போனா ஐநூறு சீட்டு நிரப்பறவங்க அஞ்சாறு பேர் ரிங்கோ கூட சேந்து பெரிய அரங்கத்தை நிரப்பிடறாங்க. ரசிகனுக்கு ரெண்டு மணி நேரம் பூரா தெரிஞ்ச பாட்டு. முதல் குழுவுல யார் யார்னு பாருங்க, ஜோ வால்ஷ், பில்லி பிரெஸ்டன், டாக்டர் ஜான், கிளாரன்ஸ் கிளெமன்ஸ், அப்புறம் நான் சொன்ன லீவான் ஹெல்மும் அவர் பேண்ட்மேட் ரிக் டான்கோவும். பின்னாடி காலின் ஹேயும் இதுல பல தடவை போயிருக்கார்.

சோலோல உச்சம்னா புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூயார்க்ல நாடகத் தியேட்டர்கள் இருக்கற பிராட்வேல பண்ணது. 2017 அக்டோபர்லேந்து 2018 டிசம்பர் வரைக்கும், ஆயிரம் சீட்டு கூட இல்லாத வால்டர் கெர் தியேட்டர்ல, 236 ஷோ, வசூல் 113 மில்லியன் டாலர். ஒரு கிட்டார், ஒரு பியானோ, சில பாட்டுக்கு மனைவி கூட வந்து பாடுவாங்க. இந்தப் பக்கம் ஸ்டேடியம் டூர்னா எத்தனை டிரக், எத்தனை ஆளுன்னு யோசிங்க. இங்க ஷோ முடிஞ்சு நியூஜெர்சில இருக்கற வீட்டுக்குப் போய் தூங்கலாம். டிக்கெட் விலை எக்கச்சக்கம், எனக்கு அதுல வருத்தம் உண்டு. தொழிலாளிகளைப் பத்திப் பாடினவர்னு நம்பி வளந்தவங்களால உள்ள போக முடியல. 2022ல டூர் டிக்கெட்டுக்கு தேவையைப் பாத்து விலை ஏத்தற முறையை விட்டப்ப சில சீட்டு 4,000, 5,000 டாலர்னு போச்சு, ரசிகர்கள் கொதிச்சாங்க, அந்தக் கோவம் நியாயம்.

இருந்தாலும் அந்த விலைக்கு பிளாக்ல விக்கறவன் விக்கறான், அது வாசிக்கறவனுக்குப் போகட்டுமேன்னு ஒரு வாதம் இருக்கு. கணக்கா பாத்தா சரி தான். மனசு ஒத்துக்கல.

அக்டோபர் 9

பிரியாவிடை டூர் எல்லாம் மோசடின்னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஆஸி ஆஸ்போர்ன் 1992ல இனி டூர் இல்லன்னு கிளம்பி, 1995ல திரும்ப வந்தப்ப ரிட்டையர்மென்ட் பிடிக்கலன்னு டூர் பேர்லயே போட்டார். கிஸ் 2000ல ஒரு பிரியாவிடை, 2019லேந்து 2023 டிசம்பர் 2 வரைக்கும் இன்னொரு பிரியாவிடை. மாட்லி குரூ 2014ல கேமரா முன்னாடி ஒப்பந்தத்துல கையெழுத்தே போட்டு, 2015 டிசம்பர் 31ல முடிச்சு, 2019ல திரும்பறோம்னு சொல்லி, 2022ல டெஃப் லெப்பர்டோட சேந்து ஸ்டேடியம் டூர் போனாங்க, 173 மில்லியன் டாலர் வசூல். கடைசி தடவைன்னு சொன்னா டிக்கெட் பறக்கும், அது உண்மை. அதை நம்பி கடன் வாங்கி டிக்கெட் எடுத்தவங்களுக்கு கோவம் வர்றதும் நியாயம்.

ஆனா இதுல யாரும் பேசாத ஒருத்தர், மிக் மார்ஸ். அதே மாட்லி குரூ கிட்டாரிஸ்ட். முதுகெலும்பு இறுகிப் போற நோயோட சின்ன வயசுலேந்து வாசிச்சவர். 2022ல டூர் போக முடியலன்னு ஒதுங்கினார், 2023ல வழக்கு போட்டார், தன்னோட 25 சதவீதப் பங்கை 5 சதவீதமாக்கப் பாத்தாங்கன்னு. பேண்ட் அதை மறுத்துச்சு. வழக்குல யார் பக்கம் நியாயம்ங்கறது வேற விஷயம். டூர் போகாதவருக்கு டூர் காசுல பங்கு உண்டா, நாப்பது வருஷம் அந்தப் பேரைக் கட்டினவருக்கு அந்தப் பேர்ல பங்கு இல்லையா? 2024ல சோலோ ஆல்பம் போட்டார், எழுபது தாண்டின வயசுல முதல் தடவையா. வாங்கிக் கேட்டேன், நல்லா இருக்கு, காசு குடுத்து வாங்குங்க.

ஈகிள்ஸ்லயும் இதே தகராறு தான். 1994ல திரும்பச் சேந்தப்ப டிக்கெட் 100 டாலரைத் தாண்டுச்சு, அந்தக் காலத்துல அது அதிர்ச்சி. பேண்டை நடத்தின ஹென்லிக்கும் ஃபிரேக்கும் கூடுதல் பங்கு, மத்தவங்களுக்குக் கம்மி, இதுல கிட்டாரிஸ்ட் டான் ஃபெல்டர் கேள்வி கேட்டு கேட்டு 2001ல வெளிய அனுப்பப்பட்டார், வழக்கு 2007ல சமாதானம் ஆச்சு. ஃபெல்டர் இன்னிக்கும் தன் பேர்ல சோலோ டூர் போய் அதே பாட்டுகளை வாசிக்கறார்.

அக்டோபர் 12

"பாட்டு உரிமையை மொத்தமா வித்துட்டா உக்காந்து சாப்பிடலாமே"ன்னு கேள்வி. வித்தாங்க தான். பாப் டிலன் 2020ல எழுத்து உரிமையை யுனிவர்சலுக்கு, ஸ்பிரிங்ஸ்டீன் 2021ல எல்லாத்தையும் சோனிக்கு, 500 மில்லியன் டாலர் கிட்டன்னு செய்தி. வருஷா வருஷம் வர்ற ராயல்டிக்கு சாதாரண வருமான வரி, மொத்தமா வித்தா அமெரிக்கால அதை விடக் குறைஞ்ச மூலதன ஆதாய வரி, பிள்ளைங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கவும் சுலபம். இதுக்கெல்லாம் முன்னோடி பாடகர் டேவிட் போவி, 1997லயே வரப்போற ராயல்டியைக் காட்டி கடன் பத்திரம் போட்டு 55 மில்லியன் டாலர் தூக்கினார். 2002லயே அவர் சொன்னது, இசை இனிமே குழாய்த் தண்ணி மாதிரி ஆயிடும், எல்லாரும் நிறைய டூர் போகத் தயாரா இருங்கன்னு. ஸ்பாட்டிஃபை வர்றதுக்கு எத்தனை வருஷம் முன்னாடி!

ஆனா டேவிட் கிராஸ்பியைப் பாருங்க. 2020ல கோவிட் வந்து மேடை மூடினதும் வெளிப்படையா சொன்னார், ஸ்ட்ரீமிங் என் ரெக்கார்டு காசைத் தின்னுடுச்சு, இப்ப டூரும் இல்ல, குடும்பமும் வீட்டுக் கடனும் இருக்கு, விக்காம வேற வழி இல்லன்னு. 2021ல வித்தார். எண்பது வயசு தொடப் போற ஆளு, ராக் வரலாற்றுல பெரிய குழு ரெண்டுல இருந்தவர். டிலன் வித்ததும் கிராஸ்பி வித்ததும் செய்தில ஒரே வரிசைல வரும், ரெண்டும் ஒண்ணு இல்ல.

டிலன் வித்த பிறகும் மேடை ஏறிட்டே இருக்கார், 1988லேந்து கிட்டத்தட்ட நிறுத்தாம. அவருக்குக் காசு காரணம்னு எவ்வளவு யோசிச்சாலும் எனக்குத் தோணல. தம்பி, இதை உங்க பக்கம் எழுதிக்கோங்க: எல்லாரும் தேவைக்காகப் போறாங்கன்னு நானும் சொல்லல. வேற எதுவும் பண்ணத் தெரியாம, பண்ணப் பிடிக்காம போறவங்க நிறைய பேர்.

கனடா பாடகர் லெனார்ட் கோஹன் ரெண்டும் சேந்தவர், தேவையும் உண்டு, ஆசையும் உண்டு. சேமிப்பு பூரா களவு போனது 2005ல வெளிய வந்துது, 73 வயசுல, 2008ல, பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம் டூர் கிளம்பினார். கனடால ஃபிரெடெரிக்டன்ங்கற சின்ன ஊர்ல ஆரம்பிச்சு 2013 வரைக்கும் 380 ஷோவுக்கு மேல. போனதை விட அதிகமா சம்பாதிச்சார். அந்த டூர் ரெக்கார்டிங்கைக் கேளுங்க, காசுக்காகக் கிளம்பின ஆளு பாடற மாதிரியா இருக்கு?

அக்டோபர் 14

உடம்பு. இதை யாரும் கணக்குல சேக்கறதில்ல.

ஏசி/டிசி பாடகர் பிரையன் ஜான்சனை 2016ல டாக்டருங்க உடனே நிறுத்துங்க இல்லன்னா காது முழுசா போயிடும்னாங்க, மிச்ச ஷோவை வேற பேண்ட் பாடகர் ஆக்சல் ரோஸ் பாடி முடிச்சார். ஜான்சன் புது விதமான காதுக் கருவியோட திரும்பி வர வருஷங்கள் ஆச்சு. ஸ்டீவன் டைலருக்கு 2023ல ஏரோஸ்மித் பிரியாவிடை டூர் ஆரம்பிச்ச மூணாவது ஷோல தொண்டைல அடி, குரல்வளைல எலும்பு முறிவு, 2024 ஆகஸ்ட்ல டூரே வேண்டாம்னு நிறுத்திட்டாங்க. ஃபில் காலின்ஸ் ஜெனசிஸ் கடைசி டூர்ல நாற்காலில உக்காந்து பாடினார், அவர் டிரம்ஸை மகன் வாசிச்சார். ஷோ ரத்தானா பெரிய பேண்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு, வயசு ஏற ஏற பிரீமியமும் ஏறும், ஏற்கெனவே இருக்கற நோயை விலக்கி வெச்சிடுவாங்க. சின்ன ஆளுக்கு அதுவும் கிடையாது. ஜலதோஷம் பிடிச்சா அன்னிக்குக் காசு இல்ல, பஸ் வாடகை மட்டும் உண்டு.

குரல் இறங்கிடுச்சுன்னா கிட்டாரை அரைச் சுரம், ஒரு முழுச் சுரம் இறக்கி டியூன் பண்ணுவாங்க. பின்னாடி பாடறவங்க மேல் ஸ்தாயியைத் தாங்குவாங்க. இதைக் கண்டுபிடிச்சு யூடியூப்ல கேலி பண்றவங்களைப் பாத்தா எனக்கு ஆத்திரமா வரும். எழுபத்தஞ்சு வயசு ஆளு இருபத்தஞ்சு வயசுல பாடின சுருதில தான் பாடணுமா?

அமெரிக்கால 65 வயசு வரைக்கும் பெரும்பாலானவங்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, சம்பளத்துக்கு வாசிக்கறவனுக்கு பெரும்பாலும் கம்பெனி காப்பீடும் கிடையாது. அதனால தான் மியூசிகேர்ஸ், ஸ்வீட் ரிலீஃப் மாதிரி நிதிகள் வந்துது. வாசிக்கறவங்க பல் டாக்டர் பில்லுக்கு உதவி கேட்டு எழுதறாங்கன்னா நிலைமை புரியும்.

ஹெல்ம் கதையை பாதில விட்டுட்டேன். 1998ல தொண்டைப் புத்துநோய், குரல் போச்சு, ஆஸ்பத்திரி கடன் கழுத்தை நெறிச்சுது. 2004ல என்ன பண்ணார்னா, உட்ஸ்டாக்ல தன் வீட்டோட ஒட்டின மரக் கொட்டகை ஸ்டுடியோவுக்கு ஆளுங்களைக் கூப்பிட்டார். அவர் டூர் போகல, ஊர் அவர்கிட்ட வந்துது. சனிக்கிழமை ராத்திரி, டிரம்ஸுக்கு எதிர்ல ஆளுங்க நெருக்கியடிச்சு உக்காருவாங்க, சாப்பிட எதாவது கொண்டு வாங்கன்னு சொல்லி பொது மேசைல வெச்சுக்குவாங்க. முதல்ல டிரம்ஸ் மட்டும். குரல் கொஞ்சம் கொஞ்சமா திரும்புச்சு. பஸ் இல்ல, புரமோட்டர் இல்ல, டி-சர்ட்ல பங்கு கேக்க தியேட்டர் இல்ல. கடன்லேந்து மீண்டார், 2007ல சோலோ ஆல்பம் போட்டார், கிராமி வாங்கினார், 2012ல சாகற வரைக்கும் அந்தக் கொட்டகைல வாசிச்சார். சோலோ ஆல்பத்தை யாரு வாங்கறாங்கன்னு கேட்டீங்களே, நான் வாங்கினேன், இன்னிக்கும் வாரம் ஒரு தடவை ஓடுது.

அக்டோபர் 15

சின்னக் குறிப்பு. ரசிகர்களோட கப்பல் பயணம், அவங்க காசு கட்டி ஸ்டார்களோட வாசிக்கற ஃபேன்டசி கேம்ப், நேர்ல பாத்து ஃபோட்டோ எடுக்கற மீட் அண்ட் கிரீட் எல்லாம் அசிங்கம்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. கிஸ் பேண்டோட ஜீன் சிம்மன்ஸ் 2025ல ஒரு நாள் தன் கூட உதவியாளா இருக்க 12,495 டாலர்னு போட்டப்ப எனக்கும் முகம் சுளிச்சுது. ஆனா கப்பல்ல வாசிக்கறது வேற. ஒரே இடத்துல நாலஞ்சு நாள், ரூம் சாப்பாடு அவங்களே, ராத்திரி பஸ்ல முதுகு நோக வேண்டாம், பழகின ரசிகர்கள். இடுப்பு ஆபரேஷன் ஆன டிரம்மருக்கு அதை விட நல்ல வேலை எங்க இருக்கு?

அக்டோபர் 19

தம்பி, நீங்க நாலு பேர் சேந்து பேண்ட் ஆரம்பிச்சிருக்கீங்க, நீங்க பேஸ் வாசிக்கறீங்கன்னு இப்பத் தான் சொல்றீங்க. முதல்லயே சொல்லியிருந்தா இத்தனை ஊர் சுத்தியிருக்க மாட்டேன்.

ஆர்.இ.எம்.ங்கற பேண்ட் பண்ணதைப் பண்ணுங்க. பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப், நாலு பேர் பேரும் எல்லாப் பாட்டுலயும், அகர வரிசைல. யார் மெட்டு, யார் வரின்னு பேச்சே இல்ல. டிரம்மர் பில் பெர்ரிக்கு 1995ல மேடைலயே மூளை ரத்தக்குழாய் கோளாறு, பிழைச்சு வந்தார், 1997ல போதும்னு விலகி விவசாயம் பாக்கப் போயிட்டார். அவர் வாசிச்ச பாட்டு எங்க ஓடினாலும் அடைப்புக்குறிக்குள்ள அவர் பேரும் இருக்கு. நான் பாத்த அந்தக் கிட்டாரிஸ்ட்டுக்கு இல்லாதது அது தான். யூ2வும் இசையை நாலு பேருக்கும் பொதுவா போடறவங்க, குவீன் 1989லேந்து அப்படி மாறினாங்க. மாறின பிறகு வீட்டுக்குள்ள சண்டை குறைஞ்சுதுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

சமமா தான் பிரிக்கணும்னு சட்டம் இல்ல. உங்க பாடகர் தான் தொண்ணூறு பங்கு எழுதறார்னா அவருக்குக் கூட இருக்கலாம், அது அவர் உழைப்பு. ஆனா பாட்டு முடிஞ்ச அன்னிக்கே, ஒரு வியூ கூட வராத நேரத்துலயே, யாருக்கு எத்தனை சதவீதம்னு ஒரு தாள்ல எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க. ஹிட் ஆன பிறகு அந்தத் தாளை எழுத வக்கீல் வேணும். பேண்ட் பேர் யாருக்குச் சொந்தம், ஒருத்தர் விலகினா அந்தப் பேர்ல வாசிக்கலாமா கூடாதா, உடம்பு முடியாம ஒதுங்கினா பழைய ரெக்கார்டுல பங்கு நிக்குமான்னும் அதே தாள்ல சேருங்க. எழுதினதும் இங்க சொல்லுங்க, ஏதாவது விட்டுப் போயிருந்தா பாத்துச் சொல்றேன்.